மலையேறிப் படிக்கப் போன நீர்நாய்

நாணல் குட்டையில் சுழலி என்று ஒரு நீர்நாய் இருந்தாள். அப்போதுதான் பள்ளிப் படிப்பை முடித்திருந்தாள். நல்ல மதிப்பெண். வாயும் கொஞ்சம் நீளம்.

"எந்தப் பல்கலைக்கழகம்?" என்று வழியில் பார்த்த எல்லோரும் கேட்டார்கள். நாரை கேட்டது. தவளை கேட்டது. பள்ளிக்கூடப் பக்கமே போகாத நண்டுகூடக் கேட்டது.

"இன்னும் முடிவு பண்ணல! பண்ணினதும் உங்க வளைக்கே வந்து சொல்றேன், போதுமா?" என்றாள் சுழலி.

அந்தக் காட்டில் இரண்டு பெரிய பல்கலைக்கழகங்கள் இருந்தன. ஒன்று ஏரிக்கரையில் பேரேரிப் பல்கலைக்கழகம். மற்றது மலைமேல் வான்குன்றப் பல்கலைக்கழகம். இரண்டையும் நடத்துவது காட்டுச் சபை. அதாவது எல்லோருக்கும் சொந்தம். புலி வீட்டுப் பிள்ளையும் அங்கேதான் படிக்க வேண்டும், எலி வீட்டுப் பிள்ளையும் அங்கேதான் படிக்க வேண்டும். படிக்கும் காலத்தில் யாரும் யாரையும் தின்னக் கூடாது என்பது முதல் விதி. ஒவ்வொன்றிலும் நாற்பதாயிரம் பேர் படித்தார்கள்.

சேருவதற்கு ஒரே முறைதான். வைகாசிப் பௌர்ணமி அன்று காலையில் நாவல் மரத்தடியில் இரண்டு பாத்திகளில் ஈரக் களிமண்ணைக் கொட்டி வைப்பார்கள். இடது பாத்தி பேரேரிக்கு, வலது பாத்தி வான்குன்றத்துக்கு. எதில் கால்தடம் பதிக்கிறாயோ அங்கே உனக்கு இடம். ஒருவருக்கு ஒரு தடம்தான். உச்சி வெயில் வந்தால் மண் காய்ந்துவிடும். அதற்குப் பிறகு அழுதாலும் நடக்காது.

சுழலிக்கு இது விளையாட்டு இல்லை. ஒவ்வொரு சித்திரையிலும் நாணல் குட்டையில் மீன்கள் செத்து மிதந்தன. மழை வந்தால் புது மீன் வரும். அடுத்த சித்திரையில் அதுவும் மிதக்கும். ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. குட்டித் தம்பிகள் இரண்டு பேர் பசியில் கத்துவார்கள். "இன்னும் ரெண்டு கோடை இப்படியே போனா, குட்டையை விட்டுட்டுக் கிளம்ப வேண்டியதுதான்" என்று அப்பா சொல்லிவிட்டார்.

மீன் ஏன் சாகிறது என்று கண்டுபிடிக்கத்தான் சுழலி படிக்கப் போகிறாள். வேறு எதற்கும் இல்லை.

"இதுல யோசிக்க என்னம்மா இருக்கு?" என்றார் அப்பா. "நாம நீர்நாய். நமக்கு ஏரிதான். உங்க சித்தப்பா ஏரி. உங்க அத்தை ஏரி. மலையில படிச்ச நீர்நாய்னு ஒண்ணைக் காட்டு பார்க்கலாம்!"

மேலே கிளையில் இருந்த கிளி உடனே பிடித்துக்கொண்டது. "பேரேரிதான் முதலிடம்! பேரேரிதான் முதலிடம்!"

"போன வருஷம் வான்குன்றம்தான் முதலிடம்னு சொன்னீங்களே?" என்று சுழலி கேட்டாள்.

"போன வருஷம் அப்படிச் சொன்னாங்க. இந்த வருஷம் இப்படிச் சொல்றாங்க!"

"யாரு சொல்றாங்க?"

கிளி தலையைச் சொறிந்துகொண்டு பறந்துபோனது.

"நான் ரெண்டையும் நேர்ல பார்த்துட்டு வரேன்ப்பா" என்று சுழலி கிளம்பிவிட்டாள்.

முதலில் பேரேரி. பார்த்ததும் சுழலிக்கு வாயடைத்துப் போனது. அவளுக்கு வாயடைப்பது லேசில் நடக்கிற காரியம் இல்லை.

கரை முழுக்க வகுப்புகள். ஒரு பக்கம் முதலைப் பேராசிரியர் வாயைத் திறந்துகொண்டு படுத்திருந்தார். பல் மருத்துவ மாணவர்களான சின்னப் பறவைகள் அந்த வாய்க்குள்ளேயே உட்கார்ந்து பல் பல்லாகப் பார்த்துக் குறிப்பெடுத்தன. யாருக்கும் பயம் இல்லை. "மூணாவது கடைவாய்ப் பல்லுக்குப் பின்னாடி யாரும் பார்க்கல, பார்த்துட்டு வந்து சொல்லு!" என்று அவர் வாயைத் திறந்தபடியே அதட்டினார். இன்னொரு பக்கம் தூக்கணாங்குருவிகள் கட்டடக் கலை நடத்தின. முன்வரிசை மாணவர் ஓர் ஓணான். பின்னத் தெரியாமல் பின்னிக்கொண்டிருந்தார். யாரும் சிரிக்கவில்லை.

எல்லாவற்றையும் மிஞ்சியது நூலகம். நூலகம் என்றால் நாற்பது யானைகள். வரிசை வரிசையாக நின்றன. காட்டில் நடந்தது எல்லாம் அவற்றுக்கு நினைவிருந்தது.

"என்ன தலைப்பு?" என்று வாசலில் இருந்த மைனா கேட்டது.

"குட்டைகள்."

"ஒன்பதாவது வரிசை, கடைசி யானை. காது பக்கமா நின்னு மெதுவா கேளு. கத்தினா வெளிய அனுப்பிடுவேன்!"

சுழலி போய்க் கேட்டாள். யானை கண்ணை மூடிக்கொண்டது.

"நாணல் குட்டையா? எனக்கு அறுபது கோடை நினைவிருக்கு. நாற்பத்தொன்பது கோடை மீன் துள்ளுச்சு. கடைசிப் பதினோரு கோடையா மிதக்குது. மிதக்க ஆரம்பிக்கறதுக்கு மூணு வருஷம் முன்னாடி பெரும் புயல் ஒண்ணு அடிச்சுது."

சுழலி இன்னும் நெருங்கி நின்றாள். இத்தனை நாளில் இவ்வளவு தெளிவாக யாரும் சொன்னதில்லை. "சரி, ஏன் மிதக்குது?"

"அது எனக்குத் தெரியாது. உங்க குட்டைக்குத் தண்ணி மலையில எங்கிருந்தோ வருது. அது எந்த இடம்னு நாங்க யாரும் பார்த்ததில்ல. பார்த்ததைத்தான் சொல்லுவேன். பார்க்காததையும் சொன்னா நான் நூலகம் இல்ல, கிளி!"

சாப்பாட்டு நேரத்தில் கெண்டை மீன் போட்டார்கள். வயிறு முட்டச் சாப்பிட்டாள். இங்கேயே சேர்ந்துவிடலாம் என்று அவளுக்கு முக்கால்வாசி தோன்றிவிட்டது.

மறுநாள் வான்குன்றம். ஏறுவதற்குள் மூன்று முறை வழுக்கி விழுந்தாள். அட்டை கடித்தது. காற்றில் மீசை விறைத்துப் போனது. ஒரு மீன்கூடக் கண்ணில் படவில்லை.

"நீர்நாயா? வழி தவறி வந்துட்டியா?" என்று பாறைமேல் இருந்து ஒரு குரல் கேட்டது. ஒரு வரையாட்டுப் பையன். பெயர் முட்டன். அவனும் இந்த வருடம்தான் பள்ளி முடித்தவன். பிறந்து வளர்ந்தது அந்தப் பல்கலைக்கழகத்துப் பாறைகளிலேயே.

"வழி சரியாத்தான் வந்திருக்கேன். கால்தான் சரியில்ல" என்றாள் சுழலி.

முட்டன் சிரித்துவிட்டு அவளைச் சுற்றிக் காட்டினான். அங்கே கட்டடமும் இல்லை, வரிசையும் இல்லை. வகுப்புகள் நடந்துகொண்டே நடந்தன. கழுகுகள் மேலே வட்டமடித்தபடி, கீழே நடந்த மாணவர்களுக்கு மேகம் எப்படித் திரும்புகிறது என்று சொல்லிக்கொண்டே போயின. ஓர் ஆமை மாணவர் மட்டும் நேற்றைய வகுப்பில் இருந்து இன்றைய வகுப்புக்கு வந்துகொண்டிருந்தார். அவருக்காக ஒரு மலையணில் திரும்பி ஓடி, பாடத்தை முதலில் இருந்து சொன்னது. அதைப் பார்த்ததும் சுழலிக்கு அந்த இடத்தைப் பிடித்துப்போனது.

கடைசியாக முட்டன் அவளை ஒரு பெரிய பாறைச் சரிவின் முன்னால் நிறுத்தினான். சரிவு முழுக்கக் கோடுகள். நரம்பு நரம்பாக ஓடின.

"இந்த மலையில இருந்து இறங்குற எழுநூறு ஓடையும் இதுல இருக்கு. ஒரு மாணவர் ஒரு ஓடையை எடுத்துக்கணும். அதோட முதல் சொட்டு எங்க விழுதுன்னு பார்க்குற வரைக்கும் நடக்கணும். பார்த்துட்டா கோட்டுக்கு வெள்ளை மண் பூசலாம். பார்க்காம பட்டம் கிடையாது" என்றான் முட்டன்.

வெள்ளைக் கோடுகள் நூற்றுக்கணக்கில் இருந்தன. ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் மூன்று வருடம் நடந்த நடை. சுழலி அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். கழுத்து வலித்தது. பிறகு கீழே ஓரத்தில் நாணல் குட்டையைக் கண்டுபிடித்தாள். அதிலிருந்து மேலே ஒரு மெல்லிய கோடு போனது. பாதியில் நின்றது. வெறும் கோடு. வெள்ளை இல்லை.

"இது ஏன் பாதியில நிக்குது?"

"யாரும் இன்னும் நடக்கல. ரொம்பச் சின்ன ஓடை. யாருக்கு வேணும்?"

"எனக்கு வேணும்!" என்றாள் சுழலி.

பிறகு, "நீ எந்த ஓடையை எடுக்கப் போறே?" என்று கேட்டாள்.

முட்டன் குளம்பால் தரையைக் கீறினான். "நான் இங்க சேரல. எங்க கூட்டம் வருஷா வருஷம் குறைஞ்சுகிட்டே வருது. எப்ப இருந்துன்னு தெரியணும். அது யானைங்களுக்குத்தான் தெரியும். எங்க வீட்ல யாருக்கும் பிடிக்கல. வரையாட்டுக்குச் சேத்துல என்னடா வேலைன்னு அம்மா கேக்குறாங்க."

"எங்கப்பாவும் அதையேதான் கேக்கப் போறார், திருப்பிப் போட்டு!"

பௌர்ணமி வந்தது. நாவல் மரத்தடியில் காடே திரண்டிருந்தது. கிளிகள் கிளைக்குக் கிளை கத்தின. புள்ளிமான்கள் முந்நூறு பேர் வலது பாத்திக்கு முன்னால் நீளமாக நின்றார்கள்.

"நீங்கல்லாம் ஏன் வான்குன்றம்?" என்று சுழலி கடைசி மானைக் கேட்டாள்.

"முன்னாடி இருக்கறவ நின்னா. நானும் நின்னேன்."

சுழலி வரிசையின் தலைக்கே போனாள். அங்கே புள்ளியக்கா என்ற மான் நின்றிருந்தாள். "அக்கா, நீங்க ஏன் வான்குன்றம்?"

"என்னது? இந்தப் பக்கம் நிழல் இருந்துச்சு, நின்னேன்! பின்னாடி திரும்பிப் பார்த்தா முந்நூறு பேரு! இனிமே எப்படி மாத்தறது?" என்றாள் புள்ளியக்கா. சொல்லிக்கொண்டே தடம் பதித்தாள். முந்நூறு தடங்களும் பதிந்தன.

வெயில் ஏறியது. களிமண்ணின் ஓரம் வெடிக்கத் தொடங்கியது.

"பாப்பா, இந்தப் பக்கம் வாம்மா!" என்று அப்பா இடது பாத்திக்குப் பக்கத்தில் நின்று கூப்பிட்டார். நல்ல இடமாகப் பார்த்து ஈரம் காயாமல் தண்ணீர்கூடத் தெளித்து வைத்திருந்தார்.

சுழலி அந்த ஈர இடத்தைப் பார்த்தாள். ஆனாலும் சொல்லிவிட்டாள்.

"அப்பா, ஏரி நல்ல இடம். நான் பார்த்ததுலயே பெரிய இடம். அங்க போனா எல்லாத்தையும் தெரிஞ்சுக்கலாம். ஆனா நம்ம குட்டைக்கு வர்ற தண்ணியைத் தேடி யாரும் நடந்ததில்ல. அதை நடந்து பார்க்கச் சொல்லிக் குடுக்கறது மலையிலதான். நம்ம மீன் சாகறதுக்குக் காரணம் மேல இருந்துதான்ப்பா வரணும். தம்பிங்க பசி கீழ இருந்து தீராது."

"வழுக்கி விழுந்தா?"

"ஏற்கெனவே மூணு தடவை விழுந்தாச்சு!"

சொல்லிவிட்டு வலது பாத்தியில் காலை வைத்தாள். முந்நூறு குளம்புத் தடங்களுக்கு நடுவே சவ்வுக் கால் ஒன்று அகலமாகப் பதிந்தது. "நீர்நாய் மலையேறுது! நீர்நாய் மலையேறுது!" என்று கிளிகள் கெக்கலித்தன. இடது பாத்தியில் அதே நேரம் ஒற்றை ஆட்டுக் குளம்பு பதிந்தது. கிளிகளுக்கு எந்தப் பக்கம் திரும்பிக் கத்துவது என்று தெரியவில்லை.

அப்பா அவள் பக்கம் வந்தார். தெளிக்கக் கொண்டுவந்த தண்ணீரில் மிச்சம் இருந்ததை அவள் காலில் ஊற்றிக் களிமண்ணைக் கழுவிவிட்டார்.

சுழலி நடந்தாள். முதல் வருடம் பாதி ஓடை. இரண்டாம் வருடம் மீதி ஓடை. எத்தனை முறை விழுந்தாள் என்று எண்ணுவதை நிறுத்திவிட்டாள். இரண்டாம் வருடம் மாசி மாதம் முதல் சொட்டைப் பார்த்தாள். ஒரு பாறை இடுக்கில் இருந்து அது விழுந்தது. பக்கத்தில் பெரிய மரங்கள் வேரோடு சாய்ந்து மட்கிக் கிடந்தன. அவை இருந்த இடத்தில் மருக்காரை என்னும் முட்புதர்கள் அடர்ந்திருந்தன. பழுத்த காய்கள் ஓடையில் விழுந்து ஊறிக்கொண்டிருந்தன. சற்றுக் கீழே தலைப்பிரட்டைகள் மல்லாந்து மிதந்தன.

மருக்காரைக் காய் ஊறிய தண்ணீர் மீனுக்கு ஆகாது. மழைக்காலத்தில் வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விடும். கோடையில் மெல்லிய ஓடையில் அத்தனையும் குட்டைக்கு வந்து சேரும்.

ஆனாலும் சுழலி அவசரப்பட்டு முடிவு கட்டவில்லை. பேரேரியில் இருந்த முட்டனுக்குச் சொல்லி அனுப்பினாள். முட்டன் ஒன்பதாவது வரிசைக் கடைசி யானையிடம் கேட்டுப் பதில் அனுப்பினான். "புயலுக்கு முன்னாடி அந்தச் சரிவு எப்படி இருந்ததுன்னு அந்த யானைக்குத் தெரியாதாம். பதினோராவது வரிசை யானைக்குத் தெரிஞ்சிருக்கு. வெயிலே படாத காடாம். மருக்காரை ஒண்ணுகூட இல்லையாம். மரம் சாஞ்சு வெயில் விழுந்ததும் முளைச்சிருக்கு. காய்க்க மூணு வருஷம். புயலுக்கு மூணு வருஷம் கழிச்சுத்தானே மீன் மிதக்க ஆரம்பிச்சுது, கணக்கு சரியா இருக்கா?"

சரியாக இருந்தது!

அத்தனை புதர்களின் காயையும் ஒரு நீர்நாய் எப்படிப் பொறுக்குவாள்? சுழலி நேராகப் புள்ளியக்காவிடம் போனாள். மருக்காரைப் பழம் மானுக்கு ஒன்றும் செய்யாது, விருந்துதான்.

"அக்கா, மேல ஒரு இடத்துல நல்ல பழம் இருக்கு. பாறை நிழலும் இருக்கு."

"நிழல் இருக்கா?" என்று புள்ளியக்கா எழுந்தாள். பின்னாலேயே முந்நூறு பேரும் எழுந்தார்கள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. மூன்று நாளில் ஒரு காய்கூட மிச்சம் இல்லை. அடுத்தடுத்த கோடைக்கும் அவர்களே வந்தார்கள். மருக்காரை பற்றி மான்கள் எழுதிய ஆய்வு வான்குன்றத்தில் அந்த வருடத்தின் சிறந்த ஆய்வு ஆனது. நல்ல பல்கலைக்கழகம் நிழலுக்கு ஒதுங்கியவர்களையும் படிக்க வைத்துவிடும்.

காய் தீர்ந்த அந்த வருடச் சித்திரையிலேயே நாணல் குட்டையில் மீன்கள் துள்ளின. குட்டித் தம்பிகள் தொப்பை தெரியச் சாப்பிட்டுவிட்டுக் கரையில் உருண்டார்கள்.

"உங்க பொண்ணு எங்கங்க படிக்கறா?" என்று நாரை கேட்டது.

"மலையில!" என்றார் அப்பா, குட்டை முழுக்கக் கேட்கும்படி. "மலையில படிச்ச நீர்நாய்னு ஒண்ணைக் காட்டுங்க பார்க்கலாம்! எங்க வீட்ல மட்டும்தான் இருக்கு!"

பாறைச் சரிவில் ஒரு சின்னக் கோட்டுக்குச் சுழலி வெள்ளை மண் பூசினாள்.

இரண்டு நல்ல இடங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது எது பெரியது, எது நம் வீட்டாருக்குப் பழகியது என்று பார்க்காமல், உன்னைத் தூங்கவிடாத கேள்வியை எது நடத்திக் கூட்டிப்போகும் என்று பார்த்துக் காலை வை.