ஏழு வீட்டு மரமும் ஒரு கப்பலும்

கடல் இன்று இருக்கிற இடத்திலிருந்து ஒரு கூப்பிடு தூரம் உள்ளே தள்ளி இருந்த காலம். அப்போது வெண்மணற்பட்டினம் என்று ஒரு துறைமுகம் இருந்தது. அந்த ஊரைப் பற்றிச் சொல்லும்போது நான் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திக்கொள்வேன். கேட்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அந்த ஊர்ச் சேலையைத் தென்கடல் தீவுகளின் அரசிகள் காத்திருந்து வாங்கினார்கள். அந்த ஊர்ச் சாயம் மூன்று தலைமுறைக்கு வெளுக்காது. ஏழு வணிக வீடுகள் சேர்ந்து சபை வைத்து ஊரை நடத்தின. எல்லாம் இருந்தது, சொந்தமாக ஒரு கப்பல் மட்டும் இல்லை. வேற்றூர்க் கப்பலில்தான் சரக்கு போயிற்று. பாதிச் சரக்கு கப்பல்காரனுக்குக் கூலியாகப் போயிற்று.

ஏன் கப்பல் இல்லை? அதைக் கேட்டால் சிரிப்பீர்கள்.

மலைநாட்டு அரசன் வருஷத்துக்கு எழுபது தேக்கு மரத்துக்கு மேல் வெட்ட விடமாட்டான். ஆடி வெள்ளத்தில் அந்த எழுபதும் தெப்பமாக மிதந்து வரும். சபை அதை வீட்டுக்குப் பத்தாகப் பங்கிடும். பந்தியில் ஒரே கரண்டியால் எல்லா இலைக்கும் பாயசம் ஊற்றுகிற மாதிரி. யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. அவரவர் மரத்தில் அவரவர் வீட்டு முத்திரையைச் செதுக்கி, அவரவர் தொடங்கிய வேலைக்கு எடுத்துப் போவார்கள்.

ஏழு வீடு, ஏழு வேலை. ஒருவர் கிடங்கு கட்டினார். ஒருவர் யானைக் கொட்டாரம் கட்டினார். ஒருவர் ஆற்றுமுகத்தில் விளக்கு மாடம் எழுப்பினார். வயிரவன் என்பவர் கப்பல் கட்டினார். ஏழு வருஷம் ஆயிற்று. கிடங்குக்குக் கூரை இல்லை, கொட்டாரத்துக்குக் கதவு இல்லை, மாடத்துக்குப் படி இல்லை. கப்பல் மணலில் விலா எலும்போடு நின்றது. அதன் நிழலில் ஆடுகள் படுத்தன. முதல் வருஷத்து மரம் இற்றுப்போகத் தொடங்கியபோது ஏழாம் வருஷத்து மரம் வந்து சேர்ந்தது. அப்படியும் பங்கு போடுவதில் ஒரு மரம் கூடவில்லை, குறையவில்லை. அதில் அவர்களுக்கு ஒரே பெருமை.

அந்தப் பங்குனியில் வேற்றூர்க் கப்பல்காரன் வந்து சொன்னான்: "வர்ற வருஷத்துல இருந்து மூணுல ரெண்டு பங்கு எனக்கு. பிடிக்கலேன்னா சேலையைப் பெட்டியில வச்சுப் பூட்டிக்கோங்க."

ஊர் கொதித்தது. மூன்றில் ஒன்றை வைத்துக்கொண்டு நெசவாளிக்கு எதைக் கொடுப்பது? தறி நின்றால் ஊர் ஏது? ஏழு வீட்டாரும் அம்மன் முன்னால் கையடித்துச் சத்தியம் செய்தார்கள்: மார்கழி வாடைக் காற்றுக்குள் நம் சேலை நம் கப்பலில் போகும்.

ஆடியில் மரம் வந்தது. சபை கூடியது. அந்த ஆண்டு சபைத் தலைமை உமையாள் ஆச்சி கையில் இருந்தது. நாற்பது வயது, அதிகம் பேசாதவள். கப்பல் கட்டும் மருதன் ஓடாவியைக் கூப்பிட்டு, எவ்வளவு மரம் வேண்டும் என்று கேட்டாள்.

"இத்துப்போனதைக் கழிச்சுட்டா இன்னும் நூறு வேணும் ஆச்சி. அதுல, கப்பலையே அடியில தாங்குற அடிமரத்துக்கு நீளமா, கணு இல்லாததா வேணும். பத்து மரத்தை வச்சு நான் ஆட்டுக்குத்தான் நிழல் குடுக்க முடியும்."

வந்ததோ எழுபது. எழுபதையும் கப்பலுக்கே கொடுத்தாலும் முப்பது குறையும், அதை மற்ற வேலைகளைப் பிரித்துத்தான் எடுக்க வேண்டும். சத்தியம் செய்த வாய்கள் இப்போது வேறு விதமாகத் திறந்தன. ஒவ்வொருவர் வேலையும் திடீரென்று கப்பல் வேலையாகிவிட்டது.

கிடங்குக்காரரான தீத்தாரப்பன் எழுந்தார். சபையில் பெரிய குரல் அவருடையது. "கப்பல் கொண்டுவர்ற சரக்கை எங்க வைக்கிறது ஆச்சி? என் கிடங்குதான் கப்பலுக்கே ஆதாரம்."

உமையாள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "அண்ணே, அது இல்லேன்னா கப்பல் போகாதா? போனா திரும்பி வராதா?"

தீத்தாரப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

கொட்டாரக்காரர் எழுந்தார். கப்பல் விடும் நாளில் மலைநாட்டு அரசர் வருவார், அவர் யானையை வெயிலில் கட்டலாமா என்றார். அதே கேள்வியை உமையாள் கேட்டாள். "போகும், வரும்" என்று அவரே சொல்லிவிட்டுச் சிரித்தார்.

மூன்றாவதாக விளக்கு மாடத்துச் சாத்தையா எழுந்தார். அதே கேள்வி.

"போகும் ஆச்சி. திரும்பாது. ஆத்துமுகத்துல மணல்மேடு வருஷத்துக்கு ஒரு பக்கம் நகருது. வேத்தூர்க்காரன் வெளியில நங்கூரம் போட்டுடுவான், நம்ம கப்பல் உள்ளே வரணும். விளக்கு இல்லேன்னா ஊர் வாசல்லயே தரை தட்டிடும். ஆனா ஏழு ஆள் உயர மாடம் எதுக்கு? ஒரு கம்பமும் எண்ணெய்ச் சட்டியும் போதும். ஒன்பது மரத்தை விட்டுட்டு மிச்சத்தைப் பிரிச்சு எடுத்துக்கோங்க."

அந்த இடத்தில்தான் எனக்கு அந்த ஊர் மேல் ஆசை வந்தது. தன் மாடத்தைத் தானே குட்டையாக்கிக் கேட்ட மனிதர்கள் எத்தனை பேரை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள்?

ஆனால் தீத்தாரப்பனுக்குப் பொறுக்கவில்லை. "ஊரைக் கேட்டாச்சு. உங்க மண்டபம் ஆச்சி? அது இல்லேன்னா கப்பல் போகாதா?"

அந்த மண்டபம் உமையாள் வீட்டு வேலை, அவள் தகப்பனார் சாகும்போது கட்டச் சொல்லிக் கேட்டுக்கொண்டது. பதினெட்டுத் தூண், ஊரிலேயே நல்ல தேக்கு. ஒவ்வொரு தூணிலும் அவர்கள் வீட்டு நெற்கதிர் முத்திரை. தினமும் காலையில் அவள் அந்தத் தூண்களைத் தொட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போவாள்.

"போகும் அண்ணே. திரும்பியும் வரும்" என்றாள் உமையாள்.

மறுநாள் விடிந்ததும் மண்டபத்தில் கடப்பாரைச் சத்தம் கேட்டது. முதல் தூணை அவளே நின்று சாய்க்கச் சொன்னாள். அழுதாள், மறைக்கவில்லை. பதினெட்டாவது தூண் வண்டியில் ஏறும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஓடாவியிடம் கணக்குச் சரியா என்று கேட்டாள்.

அதற்குப் பிறகு யார் வீட்டில் உட்கார முடியும்? கொட்டாரம் பிரிந்தது. மாடம் பிரிந்தது. மற்ற வீட்டு வேலைகளும் பிரிந்தன. தீத்தாரப்பன் மூன்று நாள் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தார். நான்காம் நாள் கிடங்கின் உத்திரங்களைத் தன் மாடுகளைப் பூட்டியே இழுத்து வந்து ஓடாவி முன்னால் போட்டார்.

பலகைகளை இழைக்கும்போது ஓடாவி முத்திரைகளைச் சீவி எடுக்கப் பார்த்தான். "இருக்கட்டும், விடு" என்று ஊரே சொன்னது.

ஐந்து மாதம் ஊரில் வேறு வேலை எதுவும் நடக்கவில்லை. மார்கழி பிறந்து வாடை வீசியது. பாய் விரித்து, சேலைப் பொதி ஏற்றி, கப்பல் தண்ணீரில் இறங்கி நின்றது. கரை முழுக்க ஜனம். அத்தனை பேரும் தங்கள் முத்திரையைத்தான் தேடினார்கள். அதோ முகப்பில் சங்கு, அதோ பாய்மரத்தடியில் யானை, அதோ விலாவில் எங்கள் தராசு என்று கை நீட்டினார்கள். வேற்றூர்க் கப்பல்காரன் தன் கப்பலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

தீத்தாரப்பன் தன் தராசு முத்திரையை இரண்டு முறை பார்த்துவிட்டு, கப்பலைத் தலையிலிருந்து கால்வரை தேடினார்.

"உங்க கதிரைக் காணோமே ஆச்சி?"

ஓடாவி முந்திக்கொண்டான். "அது தண்ணிக்குள்ள இருக்கு. ஆச்சி வீட்டுத் தூணைத்தான் அடிமரமா இணைச்சிருக்கேன். மிச்ச ஆறு வீடும் அது மேலதான் நிக்குது."

தீத்தாரப்பன் குனிந்து தண்ணீருக்குள் எட்டிப் பார்த்தார். உமையாள் கப்பலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அதைப் பாக்கணும்னா கப்பலைக் கவுக்கணும். பாக்க வேண்டாம் அண்ணே, போகட்டும்."

கப்பல் போயிற்று. சித்திரையில், கரை தெரியாத அந்தி மழையில், சாத்தையாவின் கம்பத்து விளக்கைப் பார்த்தபடி ஆற்றுக்குள் திரும்பியும் வந்தது. முழுச் சரக்கின் ஊதியமும் ஊருக்குள் வந்தது. தறி ஒன்றுகூட நிற்கவில்லை. பிறகு சபை வருஷத்துக்கு ஒரு வேலையை எடுத்து அதை முடித்துவிட்டே அடுத்ததைத் தொட்டது. முதலில் தீத்தாரப்பனின் கிடங்கு. சரக்கு வந்துவிட்டதே, இப்போது அது வேண்டும். மண்டபத்தைக் கடைசியில் வைக்கச் சொன்னவள் உமையாள். அதை ஊரே கல்லில் கட்டியது. தூணுக்குத் தூண் நெற்கதிர் செதுக்கச் சொன்னவர் தீத்தாரப்பன்.

கேட்டவர்களே, இதுதான் இந்தக் கதையின் நீதி: போய்ச் சேர வேண்டிய இடத்தை முதலில் தீர்மானித்து, அதற்கு வேண்டிய வேலைக்கே கையில் இருப்பதை முழுதாகக் கொடுத்து, மற்றதை நிறுத்தும்போது தன் வேலையிலிருந்து தொடங்குகிறவர்களே எடுத்ததை முடிக்கிறார்கள்.