டீன் ஐயாவின் அறுபதாம் கல்யாணம்

பெரியாஸ்பத்திரிக்குப் புது சர்வரும் சாப்ட்வேரும் வாங்க, கலெக்டர் அம்மா தலைமையில் கூட்டம். இருபது வருஷமாக நோயாளிச் சீட்டுகளைக் கட்டிக் காக்கும் பச்சைநாயகியையும் கூப்பிட்டிருந்தார்கள், டீ கொடுக்க!

"பேரும் பிறந்த தேதியும் தட்டினால் போதும். பழைய சீட்டு நம்பரே வேண்டாம்" என்றார் கம்பெனிக்காரர். டீன் வைகுந்தம் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தார்.

பச்சைநாயகிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நம்பர் வேணும் ஐயா. இங்கே வர்றவங்க ஒரு தடவை ஒரு தேதி சொல்வாங்க, மறுதடவை வேற சொல்வாங்க. இந்த ஊசி ஆகாதுன்னு சிவப்பு மையில எழுதின சீட்டு கிடைக்காமப் போனா உயிரே போயிடும்."

"பிறந்த தேதி தெரியாத முட்டாள்களுக்காக மெஷினை மாத்தணுமா? டீயை வெச்சிட்டுப் போ!" என்றார் டீன்.

"சரிங்க ஐயா. உங்க பேரைத் தட்டிக் காட்டச் சொல்லுங்க. பார்த்துட்டுப் போயிடறேன்."

டீன் பெருமையாகத் தன் சர்வீஸ் புத்தகத்தை நீட்டினார். அதிலிருந்த தேதியைத் தட்டியதும் திரையில் வந்தது: வயது ஐம்பத்தேழு.

"அப்ப போன மாசம் எங்களுக்கெல்லாம் அறுபதாம் கல்யாணச் சாப்பாடு போட்டது யாருங்க ஐயா?"

அறுபது முடிந்தால் வேலையிலிருந்து ஓய்வு என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும்.

"ரெண்டு தேதி வெச்சிருக்கிற நீங்க முட்டாள் இல்லீங்களே. அதனாலதான் நம்பர் கேக்கறேன்."

கலெக்டர் அம்மா சர்வீஸ் புத்தகத்துக்குக் கை நீட்டினார். பச்சைநாயகி டீயை டீன் முன்னால் வைத்துவிட்டுப் போனாள்.