ஒருநாள் வழிப்போக்கன்

கருமலைக் கோட்டையில் ஒரு சட்டம் இருந்தது. அரண்மனையில் ஓராண்டு இடைவிடாமல் உழைத்தவனுக்கு அடிபட்டால் அரண்மனை வைத்தியர் பார்த்தாக வேண்டும். எவனும் மனமிரங்கிக் கொடுத்த சட்டமல்ல. உழைப்பவர்கள் மூன்று மாதம் வேலையை நிறுத்தி, பட்டினி கிடந்து வாங்கியது.

அதில் ஓட்டை போடவே சென்ற ஆண்டு வந்து சேர்ந்தார் சட்ட ஆலோசகர் வில்வநாதர். ஏடு தின்று கொழுத்த பெருச்சாளி. பெரிய பட்டறைக்காரர்கள் எல்லாம் அவர் வாசலில்தான் கிடப்பார்கள்.

"ஓராண்டு நிறைய ஒருநாள் இருக்கும்போது ஆளை நீக்கிவிடுங்கள், மன்னா. மறுநாள் புதிதாகச் சேருங்கள். எவனுக்கும் ஓராண்டு நிறையாது!"

மன்னர் மாறவேந்தர் மகிழ்ந்து சால்வை போர்த்தினார்.

யானைகளுக்கு இந்தச் சூழ்ச்சி புரியுமா? தம் பாகன் கொடுத்தால்தான் அவை தின்னும். அதனால் நீக்கப்பட்ட நாளிலும் பாகர்கள் கொட்டிலுக்கு வந்தார்கள். அப்படி வந்த காத்தானின் கால் யானையின் காலடியில் நசுங்கியது.

அரசவை விகடர் பொன்னுரங்கன் சபைக்கு ஓடினார். "மன்னா, வைத்தியரை அனுப்புங்கள். தாமதித்தால் காத்தானின் கால் போய்விடும்."

வில்வநாதர் சிரித்தார். "அன்று அவன் நம் ஆள் இல்லையே, ஐயா! யாரோ வழிப்போக்கன் கொட்டிலில் நுழைந்து மிதிபட்டான்."

"சட்டம் அதுதான்" என்றார் மன்னர்.

பொன்னுரங்கன் சபையை விட்டு வெளியேறினார். நேரே காத்தானின் மைத்துனன் இருளப்பனிடம் போனார். பட்டத்து யானையின் பாகன் அவன்.

"உன்னை என்றைக்கு நீக்குகிறார்கள்?"

"நாளைக்குத்தான் ஐயா. மன்னரின் ஊர்வலத்தன்று! அந்த வில்வநாதர் பஞ்சாங்கம் பார்க்காமலே ஓலை எழுதிவிட்டார்."

பொன்னுரங்கன் அவன் காதில் ஏதோ சொன்னார்.

மறுநாள் ஊர்வலம் ஆற்றில் இறங்கியது. அம்பாரியில் மன்னர், அவர் பின்னால் வில்வநாதர். நட்டாற்றில் இருளப்பன் சரசரவென்று இறங்கிக் கரையைப் பார்த்து நடந்தான்.

"டேய், எங்கே போகிறாய்?"

"இன்று நான் வழிப்போக்கன், மன்னா. பட்டத்து யானையைத் தொட எனக்கு ஏது உரிமை?"

தண்ணீரைக் கண்ட யானை குளிக்கத் தொடங்கியது. மன்னரின் கிரீடத்தில் சேறு வழிந்தது.

"பொன்னுரங்கா! அவனை ஏறச் சொல்!"

கரையில் நின்ற பொன்னுரங்கன் கைகட்டினார். "போகிற வருகிறவனுக்கு நான் எப்படிக் கட்டளையிடுவேன், மன்னா? சட்டம் படித்தவர் உங்கள் முதுகுக்குப் பின்னால்தானே இருக்கிறார்?"

யானை முன்னங்கால்களை மடக்கியது. அம்பாரி சாய்ந்தது. ஊரே பார்க்க அலறினார் வில்வநாதர்:

"அவன் நம் ஆள்தான்! காத்தானும் நம் ஆள்தான்! ஒருவனும் ஒருநாள்கூட நம் ஆள் இல்லாமல் இருந்ததே இல்லை!"

"எழுத்தரே, எழுதிக்கொள்ளும்" என்றார் பொன்னுரங்கன்.

ஊர்வலத்தில் வந்த வைத்தியரின் பல்லக்கு காத்தான் வீட்டுப் பக்கம் திரும்பியதைக் கண்ட பிறகே இருளப்பன் யானைமேல் ஏறினான்.

கரை சேர்ந்த மன்னர் வில்வநாதரின் சேற்று முகத்தைப் பார்த்தார். சிரிப்பை அடக்க முடியவில்லை. "பொன்னுரங்கா, என்ன பரிசு வேண்டும், கேள்!"

"எனக்கு எதுவும் வேண்டாம், மன்னா. நாளையோடு வில்வநாதர் இங்கே வந்து ஓராண்டு நிறைகிறது. அவர் சொன்னபடியே இன்று அவரை நீக்கிவிடுங்கள். மறுநாள் சேர்ப்பதை மட்டும் மறந்துவிடுங்கள்."