வெறுந்தொட்டிலில் ஏறிய குறளி

வெகு வெகு காலத்துக்கு முன்னே, ஆற்றோரத்து நாடு ஒன்றில் செவ்வந்தி என்றொரு இளந்தாய் இருந்தாள். மரவேலை என்றால் அவளுக்குக் கொள்ளை ஆசை. சர்ர், சர்ர், சர்ர் என்று இழைப்புளி ஓடும். மஞ்சள் சுருள் காலடியில் குவியும். வீடெல்லாம் பலாமர வாசம்!

கைக்குழந்தை முத்தரசுக்கு அவளே தொட்டில் செய்தாள். முடித்ததும் மனசு கேட்கவில்லை. பொருத்து கிரீச்சிடுகிறதா பார்க்கலாமென்று லேசாக ஆட்டிவிட்டாள். வெறுந்தொட்டிலை ஆட்டக்கூடாது என்று தெரியாதவளா? செய்த கை சும்மா இருக்குமா?

பாயில் சிணுங்கிய பிள்ளை சட்டென்று அடங்கியது. ஓடிப்போய்த் தூக்கினாள். ஐயோ! கன்னமெல்லாம் மர வரி. மூச்சில்லை, சூடில்லை. பெற்ற பிள்ளை மரப்பொம்மையாகிக் கிடந்தது. அலற வாயைத் திறந்தாள்.

"ஏன்டியம்மா முழிக்கிறே?"

தொட்டிலுக்குள் முழங்கை உயரக் குறளிப் பேய் ஒன்று, கால்மேல் கால் போட்டுப் படுத்திருந்தது.

"காலித் தொட்டிலை ஆட்டினா எங்களைக் கூப்பிட்டதாத்தான் கணக்கு. நான் படுத்திருந்தா அவன் கட்டை. அவன் படுத்துட்டா எனக்கு இடமில்லை."

"பால் தரேன், இறங்கு!"

"மாட்டேன்."

"என் வளையலைத் தரேன், இறங்கு!"

"மாட்டேன்."

"என்னையே எடுத்துக்கோ, இறங்கு சாமி!"

"மாட்டவே மாட்டேன். உன்னை வெச்சு நான் என்ன பண்ண?" என்று புரண்ட குறளி, "ஆ! முதுகுல குத்துது. இதுதான் நீ இழைச்ச லட்சணமா?" என்றது.

செவ்வந்தி தொட்டில் பலகையை விரலால் தடவினாள். உண்மைதான், ஒரு மரச் சிலாம்பு.

"கொஞ்சம் இறங்கு. இழைச்சுத் தரேன்."

"நிஜமா இழைப்பியா?"

"நிஜமா."

குறளி குதித்தது. சர்ர், சர்ர், சர்ர். நீளச் சுருளொன்று பறந்தது. குறளி கைகொட்டிக்கொண்டு அதன் பின்னால் ஓடியது. அவ்வளவுதான்! செவ்வந்தி மரப்பிள்ளையைத் தொட்டிலில் கிடத்திவிட்டாள்.

"வீல்!"

அழுகையென்றால் அப்படியொரு அழுகை. சூடான, ஈரமான, உயிருள்ள அழுகை. செவ்வந்தி தொட்டிலை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

குறளியின் உதடு பிதுங்கியது. "எனக்குன்னு ஒரு படுக்கையே கிடையாது..."

அவளுக்கு ஆத்திரம் ஆறவில்லை. ஆனாலும் மிச்சப் பலகையை இழுத்தாள்.

"சரி, நீட்டிப் படு. அளவெடுக்கணும்."

குறளி கண்ணைத் துடைத்துக்கொண்டு படுத்தது.

"ஓரத்துச் சட்டத்தை உசரமா வை அக்கா. நான் உருண்டு விழுவேன்."

அன்றுமுதல் தொட்டிலுக்கு அடியில், தன் குட்டிக் கட்டிலில் குறளி காவல் கிடக்க, காய்ச்சலோ கண்ணேறோ முத்தரசை அண்டவில்லை. அங்கே அவன் தூங்கிவிட்டான். இங்கே நீங்களும் தூங்குங்கள், கண்ணுகளா.