அசையாமல் ஒரு படம்

ஓர் ஊரில், பல கை மாறி வந்த கேமரா ஒன்று இருந்தது. அதற்குள் நான்கு பேர் குடியிருந்தார்கள்.

முன்னால் லென்ஸுக்குள் இருந்தவள் துளை. வெளிச்சத்தைப் பார்த்து விரிவாள், சுருங்குவாள். அவளுக்குப் பின்னால் ஷட்டர். கதவைத் திறந்து மூடுவது அவன் வேலை. தன் வேகத்தில் அவனுக்குப் பெருமை அதிகம். அவனுக்கும் பின்னால் ஐஎஸ்ஓ. வந்த வெளிச்சம் போதாவிட்டால் இருப்பதைப் பெருக்கிக் கொடுப்பான். ஆனால் அவன் கை பட்டால் படத்தில் மணல் தூவியதுபோலப் புள்ளிகள் விழும். அதனால் அவனை யாரும் அதிகம் கூப்பிடுவதில்லை. ஓர் ஓரத்தில் மெமரி கார்டு. கொடுத்ததை வைத்துக்கொள்வாள். அழிக்கச் சொன்னால் அழிப்பாள்.

அந்தக் கேமராவைத் தணிகைவேல் வாங்கி வந்தார். லாரி புக்கிங் ஆபீசில் வேலை பார்ப்பவர். அதுவரை கேமரா எதையும் தொட்டுப் பழகாதவர். வாங்கியதெல்லாம் மகள் கயலுக்காக.

கயலுக்கு ஏழு வயது. பிறக்கும்போது மூச்சு வரத் தாமதமாகி, மூளையில் ஓரிடம் அடிபட்டுவிட்டது. கை, கால், கழுத்து எல்லாம் அவளைக் கேட்காமலே அசையும். பேச்சு வராது. சிரிப்பு வரும். சிரித்தால் கால் கட்டைவிரல் வரைக்கும் சிரிப்பாள்.

ஒருமுறை ஸ்டுடியோவுக்குத் தூக்கிப் போனார்கள். ஃபிளாஷ் வெளிச்சத்தில் பிள்ளை திடுக்கிட்டு அழுதது. “தலையைக் கொஞ்சம் பின்னாலிருந்து பிடிச்சுக்கோங்கம்மா, ஆடாம இருக்கட்டும்” என்றார் ஸ்டுடியோக்காரர். கயலின் அம்மா சுகந்தி பிடித்துக்கொண்டாள். வந்த படத்தில் கயலின் இரண்டு கன்னங்களிலும் அம்மாவின் விரல்கள் அழுந்தியிருந்தன.

தணிகைவேல் அந்தப் படத்தை உறையிலேயே திருப்பிப் போட்டார். “இனிமே யாரும் என் பொண்ணைப் பிடிக்க வேணாம். நானே கத்துக்கிட்டு எடுக்கிறேன்” என்றார்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் மொபைலில் பாடம் கேட்டார். வீட்டுக்கு வந்து எவர்சில்வர் டம்ளரை ஜன்னலோரம் வைத்துப் பழகினார். டம்ளர் அழகாக வந்தது. டம்ளர் அசையவில்லை.

கயல் அசைந்தாள். வெயிலில் கொண்டுபோனால் கண் கூசி அழுவாள். வீட்டுக்குள்ளோ ஒரே ஒரு ஜன்னல்.

“என்னால முடிஞ்ச மட்டும் விரிஞ்சுட்டேன். இதுக்கு மேல எனக்கு இடமில்லை” என்றாள் துளை.

“வெளிச்சம் பத்தலையே” என்றான் ஷட்டர். “நான் சட்டுனு மூடினா எல்லாம் இருட்டு. மெதுவா மூடினா அதுக்குள்ள பிள்ளை எங்கேயோ போயிடுது.”

“என்னைக் கொஞ்சம் ஏத்திப் பார்க்கலாமே” என்றான் ஐஎஸ்ஓ, தயங்கித் தயங்கி.

“நீ வந்தா பிள்ளை முகத்துல மண்ணை அள்ளிப் போடுவே” என்றான் ஷட்டர்.

“போடுவேன்தான். ஆனா முகம் இருக்கும்.”

தணிகைவேலுக்கு இந்தப் பேச்சு எதுவும் கேட்காது. ஐஎஸ்ஓவை ஏற்றினால் படம் அழுக்காகிவிடும் என்று பாடத்தில் சொல்லியிருந்தார்கள். அவர் ஏற்றவில்லை. தினமும் ஆபீசிலிருந்து வந்ததும் கயலுக்கு எதிரே சப்பணம் போட்டு உட்கார்ந்து எடுப்பார். எடுத்ததும் திரையைப் பார்ப்பார். “ச்சே, ஆடிப்போச்சு” என்பார்.

“அழிக்கவா?” என்று கேட்பாள் மெமரி கார்டு.

அவர் விரல் ‘ஆம்’ என்று அழுத்தும்.

“இப்ப அழிச்ச படத்துல அவ கை விசிறி மாதிரி விரிஞ்சு வந்திருந்தது” என்று அவள் ஒருநாள் மற்றவர்களிடம் சொன்னாள்.

“அது தப்பான படம். போகட்டும் விடு” என்றான் ஷட்டர்.

“தப்பு, சரியெல்லாம் எனக்குத் தெரியாது. இருந்தது. இப்ப இல்லை.”

மழை பெய்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அறை மேலும் இருண்டிருந்தது. எரிச்சலில் தணிகைவேல் ஐஎஸ்ஓவை ஒரேயடியாக ஏற்றிவிட்டார். ஐஎஸ்ஓ இருந்த வெளிச்சத்தையெல்லாம் பெருக்கினான். சமையற்கட்டில் மிளகாய் வறுத்துக்கொண்டிருந்த சுகந்தி அடுக்கடுக்காகத் தும்மினாள். கயலுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஷட்டர் கண்ணிமைக்கும் நேரத்தில் திறந்து மூடினான்.

முகம் வந்துவிட்டது. சுருங்கிய கண்கள், உதட்டோரம் எட்டிப் பார்க்கும் நாக்கு, காதுக்குப் பக்கத்தில் விரிந்து நின்ற விரல்கள். எல்லாவற்றின் மேலும் பொடிப்பொடியாகப் புள்ளிகள்.

சுகந்தி மூக்கைத் துடைத்துக்கொண்டே எட்டிப் பார்த்தாள். “ஐயோ, வந்துட்டாளே!”

தணிகைவேல் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். “எங்க வந்தா? முகமெல்லாம் அம்மை போட்ட மாதிரி இருக்கு.”

“இருந்தா என்னங்க? நம்ம கயல்தானே?”

“இவ்வளவு கத்துக்கிட்டு இதையா மாட்டி வைக்கிறது? இன்னும் நல்லா எடுப்பேன், பாரு.”

“அழிக்கவா?” என்று மெமரி கார்டு கேட்டாள். வழக்கத்தைவிட மெதுவாகக் கேட்டாள்.

விரல் ‘ஆம்’ என்றது.

அதற்குப் பிறகு ஐஎஸ்ஓ யாரோடும் பேசவில்லை.

மழைக்காலம் முடிவதற்குள் கயலுக்குக் காய்ச்சல் வந்தது. காய்ச்சலோடு வலிப்பும் வந்தது. ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்து, வலிப்பை அடக்கக் கொஞ்சம் கனமான மருந்து கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். “இந்த மருந்துல பிள்ளை கொஞ்சம் அசந்துதான் இருக்கும், பயப்படாதீங்க” என்றார் டாக்டர்.

மறுநாள் காலை கயல் ஜன்னலோரம் படுத்திருந்தாள். விழித்துத்தான் இருந்தாள். கைகள் வைத்த இடத்திலேயே கிடந்தன. கழுத்து நேராக இருந்தது. ஜன்னல் வெளிச்சம் முகத்தில் இதமாக விழுந்திருந்தது.

தணிகைவேல் ஓசைப்படாமல் கேமராவை எடுத்து வந்தார். புள்ளி விழாதபடி ஐஎஸ்ஓவை அடியில் இறக்கினார். ஷட்டர் மெதுவாகத் திறந்தான், வெகுநேரம் காத்தான், மெதுவாக மூடினான். இந்த முறை எதுவும் அவனைத் தாண்டி ஓடவில்லை.

“கிடைச்சிடுச்சு! சுகந்தி, இங்க வா, கிடைச்சிடுச்சு!”

கண்ணிமை முடிகள்கூடத் தனித்தனியாகத் தெரிந்தன. சுகந்தி ஈரக் கையோடு வந்து பார்த்தாள்.

“நல்லா இருக்குங்க” என்றாள். போய்ப் பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டே உட்கார்ந்துவிட்டாள்.

கேமராவுக்குள் ஷட்டர் நெஞ்சை நிமிர்த்தினான். “எப்படி நம்ம வேலை?”

மெமரி கார்டு அந்தப் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“இது யாரு? இந்தப் பிள்ளையை நான் இதுக்கு முன்னால பார்த்ததே இல்லையே.”



சில நாட்களில் கயலுக்கு நெஞ்சில் சளி கட்டியது. மறுபடி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இந்த முறை பிள்ளையில்லாமல் திரும்பி வந்தார்கள்.

அழுகையும் வந்துபோகிறவர்களும் ஓய்ந்த பிறகு, தணிகைவேல் அந்த அசையாத படத்தைப் பெரிதாகப் போட்டு, சட்டம் அடித்துக் கொண்டுவந்தார். சுவரில் ஆணியும் அறைந்தார். சுகந்தி படத்தை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தபடியே இருந்தாள்.

“இது வேணாங்க.”

“ஏம்மா? எவ்வளவு தெளிவா இருக்கு.”

“தெளிவாத்தான் இருக்கு. கயல் இல்லை.” கண்ணாடியைப் புடவைத் தலைப்பால் துடைத்துப் படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிச் சாய்த்து வைத்தாள். “மத்ததெல்லாம் எங்க? தினமும் எடுத்தீங்களே.”

“அழிச்சிட்டேன்.”

“எல்லாத்தையுமா? மழையன்னிக்குச் சிரிச்சாளே, அது?”

“அதையும்தான்.”

“எதுக்குங்க?”

“அதுல புள்ளி. மத்ததெல்லாம் ஆடிப்போயிருந்துச்சு, சுகந்தி.”

“அவ ஆடத்தாங்க செய்வா” என்றாள் சுகந்தி.

கோபமாகச் சொல்லவில்லை. கயலை அறியாத யாரோ ஒருவருக்கு அவளைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னாள்.

தணிகைவேல் எழுந்து ஓடிப்போய்க் கேமராவை எடுத்தார். பொத்தானை மாற்றி மாற்றி அழுத்தினார். முன்னால் போனார், பின்னால் போனார். எப்படிப் போனாலும் அந்த அசையாத படமே வந்து நின்றது.

“எங்கிட்ட ஒண்ணும் இல்லை” என்று உள்ளே மெமரி கார்டு விசும்பினாள். “ஒவ்வொரு தடவையும் கேட்டேனே.”

ஷட்டர் தணிந்த குரலில் சொன்னான். “தினமும் அவளேதான் வந்தா. நான் வேற யாரோ வருவாங்கன்னு கதவைத் திறந்து வெச்சுட்டுக் காத்திருந்தேன்.”

தணிகைவேல் லென்ஸுக்கு மூடியைப் போட்டார். உள்ளே இருட்டானது. அதற்குமேல் அந்த நான்கு பேருக்கும் காதால் கேட்க மட்டும்தான் முடிந்தது.

அவர் வந்து சுகந்தியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். சுகந்தி தன் வலது கையைத் தூக்கினாள். மணிக்கட்டை உள்ளே மடித்து, விரல்களை விரித்து, காது வரைக்கும் கொண்டுபோய் ஒரு சுழற்றுச் சுழற்றினாள்.

“இப்படித்தானே வரும் அவ கை? சிரிக்கும்போது?”

அவர் தன் கையைத் தூக்கிப் பார்த்தார். மணிக்கட்டை மடித்தார். விரல்களை விரித்தார். தோள் வரைக்கும் கொண்டுபோனார்.

“இல்லைங்க” என்றாள் சுகந்தி. “இன்னும் கொஞ்சம் மேல.”