துடைக்காத கண்ணாடி

சவரிமுத்து முப்பது வருடமாக மூக்குக்கண்ணாடி தேய்த்துக் கொடுப்பவர். மங்கலான எதைக் கண்டாலும் கை சும்மா இருக்காது.

நுண்ணோக்கி துடைக்கப் போன கோழிக்கரு ஆய்வுக்கூடத்தில், தன்னைவிடப் பத்து வயது இளைய ஆய்வாளர் பூங்கோதையிடம் பாடம் கேட்கத் தொடங்கியிருந்தார். அன்று அவர் வந்தது பாடத்துக்கு அல்ல.

"டீச்சர், பேரன் ஏழாம் மாசமே பொறந்துட்டான். கண்ணு ரெண்டும் புகை படிஞ்ச மாதிரி இருக்குங்க."

"டாக்டர் என்ன சொன்னார்?"

"குறைமாசத்துக்கு அப்படித்தான் இருக்கும், எதையும் ஊத்தாதே, பொறுங்கிறார். எப்படிங்க பொறுக்கிறது?"

சட்டைப்பையில் பச்சிலைச் சாற்றுக் குப்பி. சாயங்காலம் குழந்தையைப் பார்க்க விடுவார்கள். நைசாக இரண்டு சொட்டு விட்டுவிடலாம்.

பூங்கோதை குப்பியைப் பார்த்தாள். பன்னிரண்டு நாள் முட்டை ஒன்றை உடைத்து, உள்ளே வளர்ந்துகொண்டிருந்த குஞ்சுக்கருவை லென்ஸுக்கு அடியில் வைத்தாள்.

அதன் கண்ணை முன்பக்கம் மூடிய மெல்லிய தோல் கலங்கலாக இருந்தது. சவரிமுத்துவின் கை தானாகப் போனது. மெல்லிய துணியால் ஒரே துடைப்பு. தோல் கிழிந்தது.

"தேய்ச்சீங்களா?"

"பழக்கமுங்க..."

"கெட்டுது போங்க."

அவர் முகம் சுண்டிப்போனது. அவள் பத்தொன்பது நாள் முட்டையை உடைத்தாள்.

குனிந்தவர் நெடுநேரம் நிமிரவில்லை. தோல் இருப்பதே தெரியவில்லை. அதற்கப்பால் கருமணி, கிணற்றின் ஆழம் மாதிரி. மேலே விளக்கின் ஒரு பொட்டு வெளிச்சம்.

"இதே தோலா?"

"அதேதான். இந்தத் தோலு நூல் நூலா நெய்தது. வெள்ளை முழியும் அதே நூல்ல நெய்ததுதான். அடுக்கு வேற."

"ஏழு நாள்ல யாருங்க இப்படித் தேய்ச்சது?"

"ஒருத்தரும் தேய்க்கலை."

"அப்ப என்ன சேர்ந்துச்சு?"

"சேரலை. தண்ணி வெளியேறுச்சு. உள்பக்கம் ஒத்தை வரிசை செல்லு. இறைச்சு இறைச்சு விடும். நூலெல்லாம் நெருங்கி ஒழுங்காப் படுத்துக்கும்."

"எப்பங்க நிறுத்தும்?"

"என் மூஞ்சி தெரியுதா?"

"தெரியுதுங்க."

"வயசென்ன உங்களுக்கு?"

"அம்பத்தாறு."

"உங்க கண்ணுல அத்தனை வருஷமா நிறுத்தலை. நீங்க சொல்லியா இறைக்குது?"

சவரிமுத்து கண்ணை மூடினார். திறந்தார். குப்பியை எடுத்து மேசைமேல் வைத்தார்.