காளானின் அடிப்பக்கம்

ஒரு காட்டில், மலை வந்து கால் நீட்டிப் படுத்திருக்கிற அடிவாரத்தில், ஒரு சருகுமான் இருந்தது. மான் என்றதும் கிளை விட்ட கொம்பையும் ஆளுயரத் துள்ளலையும் நினைத்துக்கொள்ளாதீர்கள், பிள்ளைகளே. இது முயலைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். கொம்பே கிடையாது. கால்கள் குச்சி குச்சியாக இருக்கும். சருகுக்குள் அசையாமல் நின்றால் சருகு எது, மான் எது என்று அதைப் பெற்ற தாய்க்கே தெரியாது.

அந்தக் கோடையில் காட்டுக்குள் தீ ஓடிவிட்டது. புல் கருகிப் போயிற்று. காய் கனி ஒன்றும் இல்லை. சருகுமானுக்கு அப்போதுதான் பிறந்த ஒரு குட்டி. தாயின் வயிறு காய்ந்தால் மடியும் காயும் அல்லவா? குட்டி முட்டி முட்டிப் பார்க்கும். பால் வராது. கத்தக்கூடத் தெம்பில்லாமல் படுத்துக்கொள்ளும்.

"இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கொள், கண்ணு. ஒரு இடி இடிக்கட்டும், காளான் வந்துவிடும். காளான் வந்தால் பால் வந்துவிடும்" என்று தாய் அதை நக்கிக் கொடுக்கும்.

ஒரு சாயங்காலம் இடி இடித்தது. மழை கொட்டித் தீர்த்தது.

விடிந்ததும் விலங்குகள் எல்லாம் காளான் பார்க்கக் கிளம்பின. அந்தக் காட்டில் அதற்கு ஒரு வழக்கம் உண்டு. காளானை முதலில் பார்த்தவர் "கண்டேன்!" என்று குரல் கொடுக்க வேண்டும். குரல் கொடுத்தவருக்கே அது சொந்தம். அடுத்தவர் வாய் வைக்கக் கூடாது. யானைக்கும் அதே சட்டம்தான், எலிக்கும் அதே சட்டம்தான்.

சருகுமான் முள்ளம்பன்றியோடு சேர்ந்து நடந்தது. தினமும் நடக்கிற தடம்தான். நாவல் மரத்தடிப் புற்றில் நேற்றே மண் உப்பியிருந்ததை அது கவனித்து வைத்திருந்தது. இன்று போய்ப் பார்த்தால், புற்றைச் சுற்றி வெள்ளை வெள்ளையாகக் குடை விரித்து நிற்கிறது! சருகுமான் கழுத்தைத் தாழ்த்தி அடியில் பார்த்தது. முகர்ந்தது. ஒரு சுற்றுச் சுற்றி வந்தது.

அதற்குள் மரத்து உச்சியிலிருந்து ஒரு சத்தம். "கண்டேன்! நாவல் மரத்தடிப் புற்று! எனக்கு!"

குரங்குதான். சரசரவென்று இறங்கி வந்தது. உட்கார்ந்து ஒன்றுவிடாமல் தின்றது. வாயைத் துடைத்துக்கொண்டது.

"என்ன சருகு, என் வாயையே பார்க்கிறாய்? தரையில் திரிகிறவர்களுக்கு என்ன தெரியும், தாயி? பார்வை என்றால் உச்சியிலிருந்து பார்க்க வேண்டும். காடு முழுவதும் ஒரே வீச்சு!"

சொல்லிவிட்டு அடுத்த மரத்துக்குத் தாவிவிட்டது.

முள்ளம்பன்றிக்கு முள்ளெல்லாம் சிலிர்த்துக்கொண்டது. "நீதானே முதலில் பார்த்தாய், தங்கச்சி! ஏன் கத்தவில்லை?"

"பார்த்து முடிக்கவில்லையே, அண்ணே."

"நல்ல கதை! நீ பார்த்து முடிப்பதற்குள் அவன் தின்று முடிக்கிறான்!"

ஈச்சம் புதரிலும் அதே கதைதான். சருகுமான் குனிந்தது, குரங்கு கத்தியது, காளான் போயிற்று. சருகுமான் அடுத்த இடத்துக்கு நடந்தது. ஈரச் சருகில் சுருண்டு கிடக்கும் குட்டியின் முகமே கண்ணுக்குள் நின்றது.

அதைத் தாண்டினால் ஒரு வெட்டவெளி. மழைக்குத் தளிர்த்த இளம்புல். புல்லுக்கு நடுவே, தட்டுத் தட்டாக வெள்ளைக் காளான்கள், வட்டம் கட்டி நின்றன. பார்த்ததும் சருகுமானுக்கு எச்சில் ஊறிவிட்டது.

"கத்து, தங்கச்சி! இப்போதாவது கத்தித் தொலை!" என்றது முள்ளம்பன்றி.

"கொஞ்சம் பொறுங்கள், அண்ணே. அடியைப் பார்த்துவிடுகிறேன்."

குனிந்து பார்த்தது. மேலே பால் வெள்ளை. அடியில், குடைக்குள்ளே மடிப்பு மடிப்பாக இருக்கும் இடமோ, குளத்துப் பாசி மாதிரிப் பச்சை! சருகுமான் சட்டென்று பின்வாங்கியது. போன மழைக்கு இதே இடத்தில் இதைத் தின்ற காட்டுப்பன்றி, நாள் கணக்கில் எழுந்திருக்காமல் கிடந்ததை அது பார்த்திருந்தது.

"கண்டேன்!" என்று மேலேயிருந்து சத்தம் வந்தது.

முள்ளம்பன்றி மெல்லக் காதைக் கடித்தது. "பேசாமல் இரு. தின்னட்டும். பட்டால்தான் அடங்குவான்."

சருகுமானுக்கு மனசு கேட்கவில்லை. "மாமா, வேண்டாம்! அடியில் பச்சையாக இருக்கிறது. குனிந்து பாருங்கள்."

குரங்கு கையைத் தட்டிச் சிரித்தது. "அடடே, பசி வந்ததும் தந்திரமும் வந்துவிட்டதா? நான் குனிந்து அடியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், நீ மேலே வாய் வைக்க வேண்டும், அதுதானே?"

"நான் வேண்டுமானால் அந்தப் பாறை வரைக்கும் தள்ளிப் போகிறேன், மாமா. நீங்கள் ஒரே ஒரு தடவை குனிந்து பாருங்கள்."

"இரண்டு இடத்தில் தின்றேனே, எதன் அடியைப் பார்த்தேன்? போ போ, வழி மறிக்காதே!"

இரண்டு கையாலும் பிய்த்துப் பிய்த்துத் தின்றது. ஏப்பம் விட்டது. மரத்தில் ஏறிக்கொண்டது.

சருகுமான் தன் தடத்தில் நடந்தது. வழி மூங்கில் புதருக்குள் போயிற்று. மேலே தழை மூடிக் கிடக்கும் இடம். உச்சியிலிருந்து எட்டிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. புதருக்குள்ளே ஒரு பழைய புற்று. அதன் தோளில் முந்தாநாளே ஒரு விரிசல் விட்டிருந்தது. இன்று அந்த விரிசல் நெடுக, மொட்டும் மலருமாகக் காளான்!

சருகுமான் குனிந்தது. மேலே வெள்ளை. அடியிலும் வெள்ளை. தண்டு புற்றுக்குள் ஆழமாக இறங்கியிருந்தது. வருஷா வருஷம் தின்ற அதே காளான். இருந்தாலும் முகர்ந்தது. சுற்றி வந்தது.

முள்ளம்பன்றிக்கு இருப்புக் கொள்ளவில்லை. "பார்த்தது போதும் தாயே, கத்து! அவன் வந்துவிடப் போகிறான்!"

மேலே இருந்து சத்தம் வரத்தான் செய்தது. ஆனால் "கண்டேன்" என்று வரவில்லை. "உவ்வே... உவ்வே..." என்று வந்தது. குரங்கு ஒரு கையால் கிளையையும் ஒரு கையால் வயிற்றையும் பிடித்துக்கொண்டு, வாந்தி எடுத்துக்கொண்டிருந்தது.

சருகுமான் முழுவதும் பார்த்து முடித்தது. பிறகு தன் மெல்லிய குரலில், "கண்டேன்" என்றது.

வயிறாரத் தின்றது. முள்ளம்பன்றிக்கும் பங்கு கொடுத்தது. அன்று மாலை குட்டி வழக்கம்போல ஒரு முட்டு முட்டியது. வாய் கொள்ளாமல் பால் வழிந்தது.

குரங்கு பிழைத்துக்கொண்டது. ஆனால் ஆள் பாதியாகிவிட்டது.

அடுத்த மழை பெய்தது. விடிந்ததும் சருகுமான் நடை கிளம்பியது. பின்னால் சருகு நொறுங்கும் சத்தம் கேட்டுத் திரும்பியது. குரங்கு தரையில் நடந்து வந்துகொண்டிருந்தது. நடுவில் நின்று, வாலைத் தூக்கி, கன்னம் மண்ணில் படக் குனிந்து, எதையோ உற்றுப் பார்த்தது.

"மாமா, அது கூழாங்கல்" என்றது சருகுமான்.

"தெரியும், தெரியும்" என்றது குரங்கு, தலையைத் தூக்காமலே. "பார்த்து முடிக்கிறேன், இரு."

நீதி: முதலில் பார்ப்பதைவிட முழுதாகப் பார்ப்பதே மேல்.